லிட்டருக்குப் பன்னிரண்டு

என் அண்ணி ஒரு விஷயத்தைப் பிடித்துவிட்டால் விடமாட்டாள். இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. அவளுடைய வேனில் மூட்டை ஏற்றி இறக்குகிறவன் நான். அவள் எதைப் பிடித்தாலும் கடைசியில் என் தலையில்தான் விடியும்.

விடுதிகளின் அழுக்குத் துணியை அள்ளி ஊருக்கு வெளியே இருக்கும் சலவைக் கூடத்துக்குக் கொண்டுபோவதும், வெளுத்ததைத் திருப்பிக் கொடுப்பதும் எங்கள் பிழைப்பு. வண்டி அண்ணியுடையது, டீசல் சலவைக் கூடத்துடையது. ஒருநாள் முதலாளி கூப்பிட்டார்.

"மத்த வண்டியெல்லாம் லிட்டருக்குப் பன்னெண்டு கிலோமீட்டர் குடுக்குதும்மா. உங்களுது ஒன்பதைத் தாண்ட மாட்டேங்குது. மாசக் கடைசிக்குள்ள பன்னெண்டு வரலேன்னா நான் வேற வண்டி பாத்துக்கறேன். தப்பா நினைக்காதீங்க."

அண்ணன் வெல்டர். பட்டறையில் சாரத்திலிருந்து விழுந்து முதுகு போனதிலிருந்து மாடி வீட்டை விட்டு இறங்கியதே இல்லை. வேன் நின்றால் எங்கள் அடுப்பும் நின்றுவிடும். அண்ணியோ, "வரும் சார்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள்.

"எப்படி அண்ணி வரும்?"

"வர வைக்கணும்."

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. காலையில் டயர்கள் சூடாவதற்கு முன் காற்று பார்க்கவேண்டும். தூசி அடைத்துக் கிடந்த ஏர் ஃபில்டரை மாற்றினாள். வண்டிக்குள் சும்மா கிடந்த பழைய சங்கிலி, உடைந்த தள்ளுவண்டி எல்லாவற்றையும் வெளியே எறிந்தாள். ஸ்டெப்னியும் ஜாக்கியும் மட்டும் தப்பின. பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னையும் எறிஞ்சிடலாம்னு பாக்கறீங்களா?" என்றேன்.

"ராத்திரிச் சாப்பாட்டைக் கொறைச்சாலே போதும், தம்பி."

ஓட்டுகிற விதமும் மாறியது. கிளட்சில் கால் வைத்தபடியே ஓட்டும் பழக்கத்தை விட்டாள். ஆக்சிலேட்டரைப் பூப்போல மிதித்தாள். சிக்னல் தூரத்தில் தெரிந்ததுமே காலை எடுத்துவிடுவாள். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்து எங்கள் பரம்பரையையே விசாரிப்பார்கள். அவளுக்குக் காது கேட்காது, எனக்குத்தான் மானம் போகும்.

ஒரே ஒரு முறை சறுக்கினாள். இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டால் டீசலே செலவாகாது என்று யாரோ ஒரு டிரைவர் ஓதிவிட்டிருக்கிறார். மேம்பாலத்து இறக்கத்தில் சாவியைத் திருப்பினாள். இன்ஜின் நின்றதும் பிரேக் மிதிபடாமல் கல்லாக இறுகிவிட்டது. முன்னால் போன பஸ்ஸின் முதுகு என் மூக்குக்கு நேரே வந்தது. அவள் சீட்டை விட்டு எழும்பி பிரேக்கின் மேலேயே நின்றாள். ஒரு சாண் இடைவெளியில் வண்டி நின்றது. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. "உங்க மைலேஜும் வேணாம், ஒண்ணும் வேணாம்!" என்று கத்தினேன். "இது தப்பு. இனிமே கெடையாது" என்றாள். பன்னிரண்டை மட்டும் விடுவதாக இல்லை.

எப்போதும் ஒரே பங்க்கில், ஒரே பம்ப்பில், டேங்க்கின் கழுத்து வரை ரொப்பித்தான் கணக்குப் பார்ப்பாள். பத்து வந்தது. அதற்கு மேல் நகரவில்லை.

பெரிய விடுதியின் நீச்சல் குளத் துண்டுகளை ஏற்றும்போது என் சட்டை நனைந்து சொட்டுவது வழக்கம். ஒருநாள் அதைப் பார்த்து அண்ணி அப்படியே நின்றுவிட்டாள்.

"நாம துணியா தம்பி ஏத்தறோம்? தண்ணியில்ல ஏத்தறோம்!"

நேராக, துணிக்கணக்குப் பார்க்கும் விடுதி ஸ்டோர்காரரிடம் போனாள். பிழிவதெல்லாம் சலவைக்காரர் வேலை என்றார் அவர். அங்கே மூலையில் பிழியும் இயந்திரம் ஒன்று சும்மா நின்றிருந்தது. அண்ணி அதைக் காட்டி, "பிழியாத துண்டை ஏத்தமாட்டேன். உங்க ஆளுக்குக் கஷ்டம்னா எங்க கொழுந்தன் பிழிவாரு" என்று ஒற்றைக்காலில் நின்றாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தினமும் பிழிந்தேன். கணக்கு பதினொன்றைத் தொட்டது.

மாதம் முடிய ஒரு வாரம் இருந்தது. புறவழிச் சாலையில் எதிர்க்காற்றில் வண்டி முனகிக்கொண்டு போனபோது அண்ணி ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினாள். காற்று கையைப் பின்னால் தள்ளியது. அவள் மெல்லக் கூரையை அண்ணாந்து பார்த்தாள். நானும் புரிந்துகொண்டேன். புரியாமலே இருந்திருக்கலாம்.

கூரையின் மேல் கதவு அகலத்தில் ஒரு இரும்பு போர்டு நின்றது. வண்டி வாங்கியபோது அண்ணன் செய்தது. அண்ணியின் பெயரை இரும்பில் வெட்டி, சிவப்பு அடித்து, கூரையோடு சேர்த்துப் பற்றவைத்திருந்தார். "எந்தப் புயலுக்கும் அசையாது" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். அதற்கு அடுத்த வாரம்தான் விழுந்தார். அவர் கையால் செய்த கடைசி வேலை அதுதான்.

"வேணாம் அண்ணி. அவர் தாங்கமாட்டார்" என்றேன்.

வீட்டில் அவள் சுற்றி வளைக்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "காத்து மொத்தமும் உங்க போர்டுலதான் மோதுது. அது இருந்தா வண்டி ஓட்டமே நின்னுடுங்க."

அண்ணன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். சாப்பிடக்கூட எழவில்லை. எனக்கு அண்ணி மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு லிட்டரில் ஒரு கிலோமீட்டருக்காக ஒரு மனிதனின் மனதை இப்படியா உடைப்பது?

காலையில் போர்டை அறுக்கப் பட்டறை ஆளைக் கூப்பிடக் கிளம்பினேன். "நில்றா" என்றார் அண்ணன். இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டியிருந்தார். "என் வெல்டிங்கை இன்னொருத்தன் அறுக்கக் கூடாது."

ஒவ்வொரு படியாக, என் தோளைப் பிடித்து இறங்கினார். பெஞ்சின் மேல் ஏறி, கண்ணாடி மாட்டி, தன் பழைய கட்டிங் மெஷினை என் கையிலிருந்து வாங்கினார். முதுகு நிற்கவில்லை. அண்ணி பெஞ்சில் ஏறி அவர் இடுப்பைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டாள். பொறி பறந்தது. பெயர் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நான் கீழே நின்று அதை ஏந்திக்கொண்டேன். மூவருமே அழுதோம். அண்ணன் மட்டும் பொறி பட்டுவிட்டது என்றார்.

மாதக் கடைசியில் டேங்க்கை ரொப்பினோம். பன்னிரண்டைத் தாண்டிக் கொஞ்சம் வந்தது. முதலாளி தானே ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்து, "இதே வண்டி ஓடட்டும்மா" என்றார்.

மறுநாள் காலை அண்ணி மேலே போய் அண்ணனின் சட்டையை எடுத்து அவர் மடியில் போட்டாள். "கிளம்புங்க. முன் சீட்டுல உக்காந்து வாங்க. நாலு சுவத்தையே எத்தனை நாள் பாப்பீங்க?"

"எனக்கென்ன பைத்தியமா? போர்டைவிட நான் ரெண்டு மடங்கு கனம். நான் ஏறினா மைலேஜ் கொறையும்."

"கொறையட்டும்" என்றாள் அண்ணி. "அதுக்குத்தான் இவ்வளவும் மிச்சம் பிடிச்சேன்."

அன்றிலிருந்து என் இடம் பின்னால், மூட்டைகளுக்கு நடுவில்.