ஐஸ் கொட்டிய நண்டுகள்

ஆதிலட்சுமியைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே எனக்குக் கோபம்தான் முதலில் வருகிறது.

நான் கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் உதவியாளன். ஆறு வருடமாக எங்களுக்கு வயல் நண்டு பிடித்துத் தருகிறவர் ஆதிலட்சுமி. வேங்கிக்காலுக்கு அந்தப் பக்கம் வரப்பு வளைகளில் கைவிட்டுப் பிடிப்பார். ஈர வைக்கோல் போட்ட சாக்கில் கட்டி, பஸ்ஸில் இன்ஜின் சூடு படாமல் கடைசி சீட்டில், மடியில் வைத்துக்கொண்டு வருவார். ஒரு நண்டுகூடச் செத்து வந்ததில்லை. கணவர் இல்லை, இரண்டு பெண்களின் படிப்பு இந்த வேலையை நம்பித்தான் ஓடுகிறது.

பிரசாத் ஆராய்ச்சி மாணவன். வெப்பம் கூடிக் குறைந்தால் நண்டின் இதயத்துடிப்பு என்னாகிறது என்பதுதான் அவன் ஆராய்ச்சியே. அன்று ஆதிலட்சுமி சாக்கை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனதும், மீன் வாங்கிய பழக்கத்தில், கெட்டுப்போகாமல் இருக்கட்டும் என்று பன்னிரண்டு நண்டின் மேலும் ஐஸைக் கொட்டினான். படித்தவன் செய்கிற காரியமா? நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஆதிலட்சுமி திரும்பி வந்தபோது ஒன்றும் அசையவில்லை.

"என்னாம்மா, செத்ததைக் கொண்டாந்து குடுத்துட்டீங்க?" என்றான் பிரசாத்.

"சாவலை சார். குளுரு ஜாஸ்தியாயிடுச்சு. நிழல்ல வுடுங்க, தானா தெளியும்."

ஒரு நண்டின் முதுகோட்டில் சென்சார் ஒட்டினான். வெகுநேரம் கழித்துத் திரையில் ஒரு துடிப்பு. அப்புறம் இன்னொன்று. அந்தம்மா சொன்னதுதான் சரி. ஆனால் இவனுக்குப் பொறுமை ஏது? பன்னிரண்டையும் ஒரு தொட்டியில் போட்டு, கெட்டிலில் சுடவைத்த தண்ணீரை எடுத்து ஊற்றினான்.

"ஒரேடியா சூடு காட்டாதீங்க சார், தாங்காது."

துடிப்பு தாறுமாறாக ஏறியது, தடுமாறியது, நின்றது. பன்னிரண்டும் போயின.

ஆதிலட்சுமி போனபின், 'செத்து வந்தவை' என்று பதிவேட்டில் எழுதி, சாட்சிக் கையெழுத்துக்கு என்னிடம் நீட்டினான். எனக்கு ஒப்பந்த வேலை. போட்டேன். வெட்கங்கெட்ட கை.

அடுத்த திங்கட்கிழமை ஆதிலட்சுமியை வாட்ச்மேன் கேட்டிலேயே நிறுத்தினார்.

"உள்ள வுடக்கூடாதுனு ஆர்டர்மா. செத்த நண்டா கொண்டாறீங்களாம்."

ஆதிலட்சுமி சாக்கை அவிழ்த்துக் காட்டினார். எல்லாம் ஊர்ந்தன.

"அந்த லேப் சாரைக் கூப்புடுங்க. அவரு கூடவே இருந்தாரு. அவரு சொல்லுவாரு."

நான் மாடி ஜன்னலோரம் நின்றிருந்தேன். இறங்கிப் போகவில்லை.