சுபாஜினி எடுத்த முட்டுக்கல்

மலைப்பாதையில் ஆட்டோ ஓட்டுகிறவர்கள் ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்புவதில்லை. ஏற்றத்தில் நிறுத்தினால் கியரில் போட்டு, பின்சக்கரத்துக்கு ஒரு முட்டுக்கல்லும் வைத்துவிட்டுத்தான் அந்தப் பக்கம் போவார்கள். ஸ்பிரிங்வெளிச் சந்தி ஸ்டாண்டில் ஓட்டும் ஒரே பெண்ணான சுபாஜினியும் அப்படித்தான். அவளுடைய கல் சீட்டுக்கு அடியிலேயே கூடவரும்.

பன்னிரண்டு வருடம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள் அவள். விடியுமுன்னே, ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் போய் நின்று, இன்றைக்கு எந்த மலையில் பறிப்பது என்று கங்காணி சொல்லும்வரை வாய்திறக்காமல் இருந்தவள். இனி ஒருவனும் தனக்கு மலை காட்ட வேண்டாம் என்றுதான் லைசென்ஸ் எடுத்தாள். தோட்டத்து லயன் வீடுகளில் இருக்கும் பிள்ளைகள் ஐந்து பேரைப் பதுளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போவதுதான் அவளுக்கு நிலையான ஓட்டம். அது கைவிட்டுப் போனால் மறுபடியும் பெரட்டுதான்.

அந்த வெள்ளிக்கிழமை பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது முனியாண்டி கோவில் ஏற்றத்தில் நிறுத்தினாள். வண்டி வாங்கி ஒரு வருடம், ஒரு கீறல் இல்லை. அந்த நன்றிக்கு ஒரு தேங்காய். கோவில் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம்: ஒரு மரம், ஒரு சூலம், தேங்காய் உடைக்க ஒரு கல். பாதை அகலப்படுத்த வந்த புண்ணியவான்கள் அந்தக் கல்லையும் வாரிக்கொண்டு போயிருந்தார்கள். தேங்காயும் கையுமாகச் சுற்றிப் பார்த்தாள். கண்ணில் பட்டது ஒரே ஒரு நல்ல கல். குனிந்து எடுத்துவிட்டாள்.

சக்கரத்துக்கு வைத்த கல் அது. போதாக்குறைக்கு, இதோ உடைத்துவிட்டு வருகிறோம்தானே என்று கியரிலும் போடவில்லை, ஹேண்ட் பிரேக்கையும் பாதிதான் இழுத்திருந்தாள். நாலு எட்டு வைப்பதற்குள் வண்டி பின்னால் நகர்ந்தது. ஒரு கையில் கல்லும் ஒரு கையில் தேங்காயுமாக அவள் கத்திக்கொண்டு ஓட, அது மதகுச் சுவரில் போய் முட்டியது. பின்பக்கம் அப்படியே நசுங்கிப்போனது. தேங்காய் மட்டும் உடையவே இல்லை.

வெறும் வாயை மென்றுகொண்டிருந்த ஸ்டாண்டுக்கு அவல் கிடைத்தது. "முனியாண்டியே சகுனம் காட்டிருச்சு. பொம்பள கைக்கு வண்டி ஆகாது" என்றார் ஸ்டாண்டில் மூத்தவரான மாரிசாமி. அன்று மாலைக்குள் அது எல்லா லயத்துக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

கணவன் ரஜீவ் ஒரு வழி சொன்னான். "பிரேக் வயர் அந்துருச்சுன்னு சொல்லிரு சுபா. யாரு வந்து பாக்கப்போறா?"

"பிரேக் அந்துபோன வண்டியில எவ புள்ளய ஏத்துவா? நான் செஞ்சத நானே சொல்லிக்கிறேன்."

சனி, ஞாயிறில் உடைந்த லைட்டை மாற்றி, பிரேக்கையும் சரிபார்த்தாள். நசுங்கலை அப்படியே விட்டாள். திங்கட்கிழமை காலை அந்தப் பின்பக்கத்தை எல்லாரும் பார்க்கட்டும் என்றே சந்தி ஏற்றத்தில் நிறுத்தி, முட்டுக்கல்லை வைத்தாள். தாய்மார் பிள்ளைகளைக் கையில் பிடித்தபடி தள்ளியே நின்றார்கள். சுபாஜினி குரலைத் தாழ்த்தவில்லை.

"கியர்ல போடல. பிரேக்க ஒழுங்கா இழுக்கல. கல்ல எடுத்ததும் இந்தக் கைதான். பிழை என்னுது. அத சாமி மேலயும் போடாதீங்க, பொம்பள மேலயும் போடாதீங்க."

மாரிசாமி சிரித்தார். "சாமி சும்மா காட்டுமா?"

"போன வருஷம் நீங்க வண்டிய ரோட்டோரத் தண்ணிக் கானுக்குள்ள எறக்குனீங்களே மாமா, அப்ப ஆம்பள கைக்கு ஆகாதுன்னு முனியாண்டி சொல்லலியா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தாய்மாரில் ஒருத்தியான ராசம்மா சிரிக்கவில்லை. வருடா வருடம் முனியாண்டிக்குப் பொங்கல் வைக்கிறவள் அவள். மகளின் கையை விடாமல் வந்து, குனிந்து சக்கரத்தைப் பார்த்தாள்.

"கல்லு இருக்கு. கியரு?"

"கியர்லதான் கெடக்கு. பிரேக்கும் முழுசா இழுத்திருக்கேன்க்கா. உள்ள பாருங்க."

ராசம்மா தலையை விட்டுப் பார்த்தாள். பிறகு மகளைத் தூக்கி உள்ளே உட்காரவைத்தாள். மற்ற நாலு பேரும் தாமாகவே ஏறிக்கொண்டார்கள்.

சுபாஜினி கால்பிரேக்கை அழுத்திக்கொண்டு என்ஜினை முடுக்கினாள். வழக்கமாக ஏறுமுன் கல்லைத் தானே எடுத்துவிடுவாள். அன்று எடுக்கவில்லை. தலையை வெளியே நீட்டினாள்.

"மாரிசாமி மாமா, அந்தக் கல்லக் கொஞ்சம் எடுத்து வுடுங்க."

ஸ்டாண்டே அவரைப் பார்த்தது. உள்ளே ஐந்து பிள்ளைகள், பள்ளிக்கூட மணிக்கு நேரமாகிறது. மாரிசாமி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, எல்லார் முன்னாலும் குனிந்து, கல்லை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.