கீச்சிடும் இடுப்போடு கொல்கத்தாவுக்கு

ஆறு வருடத்துக்கு முன்னால், கொல்கத்தாவில் வங்கி வேலையில் இருந்தபோது, என் வலது இடுப்பு மூட்டை மாற்றினார்கள். பந்தும் கிண்ணமும் பீங்கான். பிறகு ஓய்வு பெற்றுச் சென்னைக்கு வந்துவிட்டேன். இந்தத் தை மாதம் மூட்டு கீச்சென்று சத்தம் போட ஆரம்பித்தது, அதுவும் காலை வேளையில். வலி இல்லை. மனைவி கதவுக் கீலுக்கு விடுவதுபோல் நல்லெண்ணெய் தேய்த்துப் பார்த்தாள், ஒன்றும் மசியவில்லை. பீங்கான் விரிசல் விட்டிருந்தால் மறுபடி திறக்க வேண்டும், சில்லுகளைப் பொறுக்கி எடுப்பது லேசில்லை என்று இங்குள்ள மருத்துவர் சொன்னார். எனக்குப் பயம் வந்துவிட்டது. மூட்டைப் போட்டவரிடமே காட்டலாம் என்று மாசியில் கிளம்பினேன்.

ரயிலில் சுமார் 1,660 கிலோமீட்டர், ஒரு நாளுக்கு மேல் ஆகும். கீழ்ப் படுக்கை கிடைக்காவிட்டால் டிக்கெட்டே போடாதீர்கள். ஹவுராவிலிருந்து பவானிபூரில் அக்கா வீட்டுக்கு டாக்ஸி. ஸீட் பள்ளம் என்பதால் தலையணையைப் போட்டு உட்கார்ந்தேன். முழங்காலா என்று டிரைவர் வங்காளத்தில் கேட்டார். இடுப்பைத் தொட்டுக் காட்டினேன். அதன் பிறகு ஒவ்வொரு பள்ளத்துக்கும் வண்டியை ஊர விட்டார்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் புறப்படும்போது அக்காவுக்கு நமஸ்காரம் செய்தேன். எழுந்திருக்கையில் கீச். அக்கா பெண் சுமிக்குத் தமிழைவிட வங்காளம்தான் சரளம்.

"மாமா, ஆர் ஏக் பார். இன்னொரு தடவ பண்ணுங்கோ," என்று போனில் வீடியோ பிடித்துக்கொண்டாள்.

சால்ட் லேக்கில் ஆஸ்பத்திரி. சுமியோடு காரில் முக்கால் மணி நேரம். அங்கே நடந்தேன், குனிந்தேன், படி ஏறினேன். சத்தம் வருவேனா என்றது. கடைசியில் சுமி வீடியோவைக் காட்டினாள். டாக்டர் இரண்டு முறை பார்த்தார்.

"தரையில் உட்காருவீர்களா, குந்துவீர்களா என்று கேட்டேனே. இதை ஏன் சொல்லவில்லை?"

"அது உட்காருவது இல்லையே டாக்டர், நமஸ்காரம்."

தினமும் எத்தனை என்றார். பன்னிரண்டு என்றேன். எதற்காக என்று கேட்டார்.

"இடுப்பு நன்றாக ஆனதற்கு."

அவ்வளவு மடங்கும்போது பந்து கிண்ணத்தின் விளிம்பில் ஏறி உரசுகிறது என்று விளக்கினார். விரிசல் உண்டா என்பதை ஸ்கேன்தான் சொல்லும்.

ஸ்கேனுக்குக் காத்திருந்தபோது உங்களுக்காக யோசித்து வைத்தது இது. மூட்டின் வகையும் அளவும் உள்ள பழைய காகிதங்களைக் கையோடு கொண்டுபோங்கள். சத்தம் டாக்டர் முன்னால் வராது, வீட்டிலேயே வீடியோ எடுத்துவிடுங்கள். சம்மணம் கூடாது என்றால் சம்மணம் மட்டும்தான் என்று என்னைப்போல் நினைக்காதீர்கள்; காலையிலிருந்து உடம்பு என்னவெல்லாம் செய்கிறதோ எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

மாலை நான்கு மணிக்கு டாக்டர் கூப்பிட்டார். விரிசல் இல்லை, வருடம் ஒருமுறை வந்து காட்டினால் போதும் என்றார். அந்த இடத்திலேயே விழுந்து கும்பிடத்தான் தோன்றியது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.