ஆறு மணி பஸ்ஸும் என் ஒழுங்கையும்

எங்கள் ஊருக்குப் பஸ் வந்தபோது எனக்கு வயது முப்பத்தெட்டு. நெடுங்கேணிக்குப் பக்கத்தில், பெரிய பாதையிலிருந்து உள்ளே தள்ளிக் கிடக்கிற ஊர். கிறவல் பாதையைத் திருத்திய பிறகு, காலை ஆறு மணிக்கு ஒரு பஸ் புளியங்குளம், ஓமந்தை வழியாக வவுனியாவுக்குப் போகத் தொடங்கியது. அடுத்தது பதினொரு மணிக்கு. இரண்டே இரண்டு தடவைதான். அதுவே எங்களுக்குப் பெரிய விடயம்.

என் இடது கால் முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். சொந்தக் கால் எப்படிப் போனது என்று போர் நடந்த வன்னியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, இங்கேயும் விடுகிறேன். தையல் எனக்கு நன்றாக வரும். வந்து என்ன, வேலை இருக்கிற இடமெல்லாம் பஸ் ஓடுகிற வீதியில் இருந்தது. பஸ் வந்த மாதமே ஓமந்தைப் பக்கத்தில் ஒரு கார்மென்டில், ஆடைத் தொழிற்சாலையில், சேர்ந்துவிட்டேன். ஊரிலிருந்து என்னோடு மூன்று பெண்கள் வந்தார்கள், மூவரும் என்னை விட இளையவர்கள். ஏழேகாலுக்கு முன் வாசலில் விரல் வைக்க வேண்டும். மாதத்தில் பிந்திய நாளும் சொல்லாமல் வராத நாளும் சேர்ந்து மூன்றானால் பெயரை வெட்டிவிடுவார்கள். ஆறு மணிக்குப் புறப்படுகிற பஸ் ஒழுங்காக ஓடினால் ஏழு மணிக்கே போய்விடலாம்.

ஒழுங்காக ஓடினால்தானே! பஸ்ஸே இல்லாமல் இருந்த ஊருக்கு அதை எப்படி நடத்துவதென்று தெரியவில்லை. சொந்தக்காரரின் உழவு இயந்திரத்தைப் போல நடத்தினார்கள். ஒவ்வொரு வீட்டுப் படலையிலும் பஸ் நின்றது. வரவேண்டியவர் இன்னும் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருப்பார். உள்ளே இருப்பவர்கள், "அண்ணை, ஆள் வருது!" என்று அவருக்காகக் கத்துவார்கள். பஸ் நிற்கும். "இந்த முருங்கைக்காயைச் சந்திக் கடையில குடுத்துவிடுங்கோ" என்று ஒருவர் ஓடி வருவார். அதற்கும் நிற்கும். சாரதி நல்ல மனிதர், ஒருவரையும் விட்டுவிட்டுப் போக மாட்டார்.

அந்த மார்கழியில் பாதி மாதம் முடிவதற்குள் எங்கள் நாலு பேருக்கும் இரண்டு நாள் பிந்திவிட்டது. இன்னும் ஒரு நாள் பிந்தினால் நாலு பேரும் வீட்டில்தான். அடுத்த காலை ஒரு பெரியவர் வாழைக்குலை ஏற்றுவதற்காக பஸ்ஸை மறித்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"இது பஸ்ஸோ, கலியாண வீட்டு வானோ? ஒரு குலைக்காக எங்கட வயித்தில அடிக்கிறீங்களே!"

அவர் குலையை மெதுவாக வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"பிள்ளை, என்ர குலைக்கு ஒரு நிமிசம். உங்கட ஒழுங்கைக்கு எத்தினை நிமிசம் எண்டு ஒருநாளாவது பாத்தனீங்களோ?"

என்னோடு வேலைக்கு வருகிற மூவரில் ஒருத்தி, பக்கத்தில் இருந்தவள், யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் மலையகத்திலிருந்து வந்து எங்கள் ஊரில் குடியேறிய குடும்பத்துப் பெண். புருசன் இல்லை, இரண்டு சின்னப் பிள்ளைகள்.

என் வீடு ஒழுங்கையின், அந்த ஒடுங்கிய மண் பாதையின், கடைசியில் இருக்கிறது. பஸ் உள்ளே வந்து என்னை ஏற்றும். திருப்ப இடமில்லாததால் பின்பக்கமாகவே வெளியேறும். நான் ஏறுவதற்கும் நேரம் பிடிக்கும். யாராவது கையைப் பிடித்தால் சீறி விழுவேன், அதனால் எல்லோரும் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். அன்று எப்படியோ நேரத்துக்குப் போய்விட்டோம். மறுநாள் என்னை ஏற்றி வெளியேறும் வரை மணிக்கூட்டைப் பார்த்தேன். ஏழு நிமிடம். வெட்கமாக இருந்தது. அதைவிடக் கோபமாகவும் இருந்தது. இத்தனை நாளும் ஒருவராவது சொன்னார்களா? பாவம் பார்த்துப் பேசாமல் இருந்திருக்கிறார்கள்.

அன்று இறங்கும்போதே சாரதியிடம் சொன்னேன்.

"அண்ணை, நாளையிலயிருந்து ஒழுங்கைக்குள்ள வராதேங்கோ. நான் சந்திக்கு வாறன்."

"மழைக்கு என்ன செய்வீங்கள், தங்கச்சி?"

"மழையெண்டாலும் வருவன். வராட்டி விட்டிட்டுப் போங்கோ. எல்லாருக்கும் அப்பிடித்தான் செய்யவேணும்."

நாலு இடத்தில் மட்டும் நிறுத்துவதென்று முடிவாயிற்று. ஊர் முணுமுணுத்தது. என்னையே சந்திக்கு நடக்கவிட்ட பிறகு வேறு யார் என்ன சொல்வது? ஏழு மணிக்கு முன்பே நாங்கள் கார்மென்ட் வாசலில் நின்றோம்.

மாதம் முடிய ஐந்து நாள் இருக்கும்போது மழை பிடித்தது. வழக்கத்தை விட அரை மணி முந்திப் புறப்பட்டேன். ஒழுங்கை முழுக்கச் சேறு. ஓரிடத்தில் விழுந்தேன். எழும்பியபோது செயற்கைக் காலுக்குள் தண்ணீர் போயிருந்தது, அடி வைக்க வைக்க வழுக்கியது. வாய்க்கால் மதகடிக்கு வந்தபோது சந்தியில் பஸ் நிற்பது தெரிந்தது. மற்றவர்களுக்கு இரண்டு நிமிட நடை. எனக்கு அந்தச் சேற்றில் பத்து நிமிடம்.

"ஆள் வருது!" என்ற கத்தல் கேட்டது. சாரதி தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். மழையில் பஸ் ஏற்கெனவே பிந்திவிட்டது.

நிற்கட்டும் என்றுதான் ஆசைப்பட்டேன், பொய் சொல்லவில்லை. ஆனால் கையை உயர்த்திப் போகச் சொன்னேன். அவர் எடுக்கவில்லை. "போங்கோ!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். பஸ் போனது. மதகுக் கட்டில் இருந்து வாய்விட்டு அழுதேன். ஓமந்தை வரை ஓட்டோ பிடித்துப் போக எனக்குக் கட்டாது.

அடுத்த நாள் நேரத்துக்குப் போனேன். என் மெசினில் வேறொரு பெண் இருந்தாள்.

மாலையில் அந்த மலையகத்துப் பெண் வேலை முடிந்து நேரே என் வீட்டுக்கு வந்தாள்.

"ஏங்கக்கா கையக் காட்டினீங்க? அவரு நின்னுருப்பாரே."

"நிண்டிருந்தா உன்ர பேரும் போயிருக்கும். அவர் நிக்கிறது எனக்கெதுக்கு? அஞ்சரைக்கும் ஒரு பஸ் விட்டா, ஒண்டைத் தவறவிட்டாலும் மற்றதில ஏறலாம். அதைக் கேட்டுத்தான் பஸ் டிப்போவுக்கு எழுதப் போறன்."

எழுதினேன். மூன்று தடவை எழுதியாகிவிட்டது. பதில் இல்லை. இப்போது வீட்டில் சட்டை தைக்கிறேன். துணி கொண்டு வருகிறவர்கள், "வீட்டோட இருக்கிறது உங்களுக்கு நல்லதுதானே, ஏன் அலைச்சல்?" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாடாவை எடுத்து அளவெடுப்பேன். காலையில் சந்தியில் பஸ் எடுக்கிற சத்தம் இங்கே வரை கேட்கும். சரியான நேரத்துக்குத்தான் போகிறது.