செவலை மாடும் போனிடம் மறைத்த உண்மையும்

இன்று காலை, பக்கத்துக் காட்டு ராசுவின் செவலை மாடு வாயில் நுரை தள்ளிக் கீழே விழுந்துவிட்டது. சத்தம் கேட்டு என் காட்டிலிருந்து நானும் ஓடினேன்.

ராசு "மாடு நுரை தள்ளுது, என்ன செய்ய" என்று போனில் தேடினான். கோமாரி நோய் என்று வந்தது. மறுபடி தேடினான், வெயில் மயக்கம் என்று வந்தது. மாட்டுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது.

"என்னத்தத் தின்னுச்சுன்னு சேத்துப் போடு சாமி" என்றேன்.

"ஒண்ணுமே திங்கலீங்க மாமா."

மாட்டின் வாயோரம் மரவள்ளித் தழை ஒட்டியிருந்தது. அந்தப் பக்கத்தில் மரவள்ளி போட்டிருப்பவன் நான் ஒருவன்தான்.

"போனுகிட்ட என்னடா வெக்கம்? அது எங்கிட்ட வந்து கோள் சொல்லப்போவுதா? மரவள்ளித் தழைன்னு போடு. சண்டைய அப்பறம் வெச்சுக்கலாம்."

தலையைக் குனிந்துகொண்டே போட்டான். முதல் வரியிலேயே, இது விஷம், உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள் என்று வந்தது. மாட்டு டாக்டரிடம் போனில் தழையைச் சொன்னோம். அதற்கான ஊசியோடு அரை மணியில் வந்து போட்டார். அதுவரை ராசு மாட்டின் தலையை மடியிலிருந்து இறக்கவில்லை.

மதியம் மாடு எழுந்து நின்றது. நின்றதும் என் காட்டுப் பக்கம்தான் திரும்பிப் பார்த்தது.

இதற்குப் போனில் என்ன போட்டுத் தேடுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.