தராசில் ஏறிய அத்தான்

வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில், எங்கள் குடும்பத்திலிருந்து மெட்ராசுக்கு முதன்முதலாகப் பிளேனில் போனவர் அக்காவின் புருஷன். போகுமுன்பே நாங்கள் இருந்த வெள்ளவத்தை முழுக்கச் சொல்லித் திரிந்தார். பெட்டி பாரமாக இருந்தால் ஏற்றமாட்டார்கள் என்று யாரோ சொல்ல, அத்தானின் மூளை வேலை செய்தது. மூன்று சேட்டுகளையும் அவற்றின்மேல் கம்பளிக் கோட்டையும் உடம்பிலேயே மாட்டிக்கொண்டு, விமான நிலையம் இருந்த இரத்மலானைக்கு ரயிலேறினார்.

வழியனுப்ப நானும் போனேன். மூன்றாவது ஸ்டேஷன்தான்; அதற்குள் மனிசன் வியர்வையில் குளித்துவிட்டார். இடையில் கல்கிசை ஸ்டேஷனில், "கழட்டுங்கோ அத்தான்" என்றேன்.

"பிளேனைப் பற்றி உனக்கென்ன தெரியும்?" என்றார்.

விமான நிலையத்தில் பெட்டியை நிறை பார்த்த உத்தியோகத்தர், அத்தானையும் தராசில் ஏறச் சொன்னார். சின்னப் பிளேன், ஆளையும் சாமானையும் சேர்த்துத்தான் நிறுப்பார்களாம். முள்ளு எல்லையைத் தாண்டி நின்றது. அத்தனை சனத்துக்கு முன்னால் கோட்டையும் இரண்டு சேட்டுகளையும் உரித்து என் கையில் திணித்துவிட்டு, திரும்பிப் பாராமல் போனார். அந்த ஈரத்தை மடியில் சுமந்தபடி நான் ரயிலில் திரும்பினேன்.

அடுத்த கிழமை மெட்ராசிலிருந்து அத்தானின் கடிதம் வந்தது. சுகம்கூட விசாரிக்கவில்லை. "என்ர கோட்டை உடனே அனுப்பு. அது இல்லாமல் நான் பிளேனில வந்தனான் எண்டு இங்கை ஒருத்தரும் நம்புகினமில்லை."

அனுப்பினேன். அவருடைய ஆகாயப் பயணத்துக்குச் சாட்சி சொல்ல, கோட்டு தலைமன்னார் ரயிலிலும் அங்கிருந்து கப்பலிலும் போனது.