படியை மறைத்த கும்பிடு

சித்தப்பாவின் லாட்ஜுக்கு இணையதளம் செய்து கொடுத்த நாளிலிருந்து அவர் முகத்தைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல். அந்த முகத்தைத்தான் பெரிதாக்கி முதல் பக்கத்தில் வைக்கச் சொன்னார்.

காரைக்காலில் எனக்கு இணையதளம் செய்வதுதான் பிழைப்பு. அவருடைய லாட்ஜ் திருநள்ளாறில், கோயிலுக்கு நடந்து போகிற தூரம். மழைத் தண்ணீர் ஏறக் கூடாதென்று உயர்த்திக் கட்டியதால் வாசலில் செங்குத்தான படிகள், கைப்பிடி கிடையாது. சனீஸ்வரனைத் தேடி வருகிறவர்களில் நோயாளிகளும் முட்டி வலிக்காரர்களும் நிறைய. வீட்டிலிருந்தே படிகளைப் பார்த்து முடிவு செய்யட்டும் என்று, எதிர்ச் சாரியில் நின்று வாசலை முழுதாகப் படம் எடுத்தேன். குளியலறைப் படத்தில் வாளி தெரிந்தது, கழிப்பறை எந்த மாதிரி என்பதும் தெரிந்தது. தங்க வருகிறவர்கள் கேட்பது அதைத்தானே.

சித்தப்பா கொதித்தார். "என்னம்மா இது, கக்கூஸப் போட்டு மானத்த வாங்குற? மொதலாளி மொகம் எங்க?"

"தங்க வர்றவங்களுக்கு உங்க மொகம் எதுக்கு சித்தப்பா?"

"ஃப்ளெக்ஸ்லல்லாம் எப்படி வைக்கிறாங்க? அந்த மாதிரி வை."

முடியாது என்றேன். ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடையில் கொடுத்துச் செய்து, அவர்களை வைத்தே தளத்திலும் ஏற்றிக்கொண்டார். நான் எடுத்த வாசல் படத்தின் மேலேயே, வெள்ளைச் சட்டையும் கூப்பிய கையுமாக அவரை வெட்டி ஒட்டியிருந்தார்கள். தங்க எழுத்தில் 'வருக வருக' வேறு. படிகள் இருந்த இடத்தில் அவருடைய வேட்டி.

"படி தெரியல சித்தப்பா, எடுத்துடுங்க" என்று சொல்லிப் பார்த்தேன்.

"படியப் பாக்கவா வர்றாங்க?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், படத்தில் தன்னை இன்னும் கொஞ்சம் சிவப்பாக்க வேண்டும் என்று கூப்பிட்டார். வாசலில் நான் வண்டியை நிறுத்தும்போது பின்னாலேயே ஒரு கார் வந்து நின்றது. ஒரு பெண் இறங்கி, சக்கர நாற்காலியை விரித்து, தன் அப்பாவைத் தாங்கிப் பிடித்து அதில் உட்கார வைத்தாள். திரும்பிப் படிகளைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"போட்டோவுல படியே இல்லையேங்க" என்று போனை என்னிடம் நீட்டினாள். "நாளைக்கு சனிக்கிழமை. இனிமே வேற எங்கங்க ரூம் கெடைக்கும்?"

எனக்கு வெட்கமாக இருந்தது. சித்தப்பாவின் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலக் கோபம் வந்தது.

அவரே வந்தார். பாதிப் படி இறங்கி நடுவில் நின்றார். அதே வெள்ளைச் சட்டை, அதே கும்பிடு. "வாங்க, வாங்க! ஆள விட்டுத் தூக்கிடலாம், கவலைப்படாதீங்க."

பெரியவர் மகளிடமிருந்து போனை வாங்கி, படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கொஞ்சம் நகந்து நில்லுங்க" என்றார். "எத்தனை படின்னு பாத்துக்குறேன்."

கூப்பிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் சித்தப்பா ஒதுங்கினார். பெரியவர் கீழ்ப்படியிலிருந்து வாய்விட்டு எண்ணத் தொடங்கினார்.